புகை எழுந்த மண்: கேன்சஸின் நிக்கோடெமஸ் ஊரும் அதன் மக்களும்

1878ஆம் ஆண்டு வசந்த காலத்தில், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தின் ஜார்ஜ்டவுன் பகுதியிலிருந்து புறப்பட்ட கறுப்பினக் குடும்பங்களின் கூட்டமொன்று மேற்குக் கேன்சஸில் எல்லிஸ் என்னும் ரயிலடியில் வந்து இறங்கியது. இறங்கிய இடத்திலேயே பிள்ளைகளுக்குத் தட்டம்மை கண்டது. சில குழந்தைகள் இறந்தும் போயினர். அவர்களை அங்கே புதைத்துவிட்டு, எஞ்சியவர்கள் பாதையே இல்லாத புல்வெளியில் திசைகாட்டியை நம்பி வண்டிகளோடு நகர்ந்தார்கள். அக்கூட்டத்தில் வந்த வில்லியானா ஹிக்மன் என்னும் பெண் அந்தப் பயணத்தின் முடிவைப் பற்றிப் பிற்காலத்தில் சொல்லிவைத்த நினைவுகள் அச்சில் வந்திருக்கின்றன. "அதோ நிக்கோடெமஸ்" என்று ஆண்கள் கூவியபோது, உடல்நலமில்லாமல் படுத்திருந்த அவர் ஆவலோடு எழுந்து பார்த்தார். ஊர் எதுவும் கண்ணில் படவில்லை. எங்கே என்று கணவரைக் கேட்டார். தரையிலிருந்து அங்கங்கே எழுந்துகொண்டிருந்த புகையைக் கணவர் சுட்டிக்காட்டினார். அந்தப் புகைதான் ஊர். மனிதர்கள் நிலத்தைக் குடைந்து அதற்குள் குடியிருந்தார்கள். அதைக் கண்டதும் தமக்கு அழுகை வந்துவிட்டது என்று அவர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

அந்த ஊர் இன்றும் இருக்கிறது. கேன்சஸ் மாநிலத்தின் வடமேற்கில், கிரஹாம் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற உட்பிரிவு), 24ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி, சாலமன் ஆற்றின் தென்கிளைக்குச் சற்று வடக்கே, சில வீடுகளும் சில சுண்ணாம்புக்கல் கட்டடங்களும் ஒரு குடிநீர்த் தொட்டியுமாக நிற்கிறது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் 14 பேர். ஆனால் ஒவ்வொரு ஜூலை மாதத்தின் கடைசி வார இறுதியிலும் அந்த 14 பேரின் ஊருக்குப் பல மாநிலங்களிலிருந்து நூற்றுக்கணக்கானோர் கார்களில் வந்து சேர்கிறார்கள். ஒருவரை "உங்களுக்கு எந்த ஊர்?" என்று நாம் கேட்கும்போது, அவர் இப்போது குடியிருக்கும் இடத்தைக் கேட்பதில்லை, அவருடைய வேர் எங்கே என்று கேட்கிறோம். கணக்கெடுப்பு அலுவலரின் கேள்வி வேறு. அவர் அன்றிரவு அங்கே உறங்குபவர்களை மட்டும் எண்ணுகிறார். நிக்கோடெமஸ் ஏன் அழியவில்லை என்பதைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையிலுள்ள தொலைவை மனத்தில் கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

ஊரின் தொடக்கத்தை அறிய முதலில் கென்டக்கிக்குப் போக வேண்டும். உள்நாட்டுப் போரில் கென்டக்கி தென்மாநிலங்களோடு சேர்ந்து பிரிந்து போகவில்லை; அதனால் 1863இல் லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் அம்மாநிலத்து அடிமைகளுக்குப் பொருந்தவில்லை. போர் முடிந்து, 1865 டிசம்பரில் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்த பிறகே அவர்களுக்குச் சட்டப்படி விடுதலை கிடைத்தது. அந்தத் திருத்தத்துக்கு அம்மாநிலச் சட்டமன்றம் ஒப்புதல் தந்தது 1976இல்தான் என்பதிலிருந்தே அங்கிருந்த மனநிலையை ஊகிக்கலாம். விடுதலை பெற்றவர்களிடம் நிலம் இல்லை. முன்பு யாருடைய நிலத்தில் அடிமையாக உழைத்தார்களோ அவர்களுடைய நிலத்திலேயே வாரத்துக்கு உழுது, விளைச்சலில் பெரும்பங்கைக் கொடுத்து, கடனில் மூழ்கி, இரவில் வரும் முகமூடிக் கும்பல்களுக்கு அஞ்சி வாழ்ந்தார்கள். சொந்தமாக ஒரு துண்டு நிலம் என்பது அவர்களுக்கு வருமானத்துக்கும் மேலான ஒன்றாக இருந்தது: இன்னொருவரிடம் கைகட்டி நிற்காமல் இருப்பதற்கான ஒரே உத்தரவாதம் அது.

இந்த ஏக்கத்துக்கு விடையாகக் கேன்சஸ் தெரிந்ததற்குக் காரணங்கள் உண்டு. அடிமை முறையை ஏற்பதா மறுப்பதா என்ற கேள்வியில் 1850களில் இரத்தம் சிந்திப் போராடி, 1861இல் அடிமை முறை இல்லாத மாநிலமாக ஒன்றியத்தில் சேர்ந்த மண் அது. அடிமை முறையை எதிர்த்து அங்கே ஆயுதமேந்திய ஜான் பிரவுனின் பெயரோடு சேர்ந்தே கறுப்பின மக்களின் காதில் விழுந்த பெயர் கேன்சஸ். 1862ஆம் ஆண்டின் குடியிருப்பு நிலச் சட்டப்படி, சிறு கட்டணம் கட்டிப் பதிவு செய்து, ஐந்தாண்டுகள் அங்கேயே தங்கிப் பயிர் செய்தால் 160 ஏக்கர் அரசு நிலம் சொந்தமாகும். குடும்பத் தலைவராக இருக்கும் பெண்ணும் பதிவு செய்யலாம். முன்னாள் அடிமையும் பதிவு செய்யலாம்.

1877 ஏப்ரலில் நிக்கோடெமஸ் நகர நிறுவனம் தொடங்கப்பட்டது. அதை நிறுவிய ஏழு பேரில் ஆறு பேர் கறுப்பினத்தவர், டபிள்யூ. எச். ஸ்மித் தலைவராகவும் போதகர் சைமன் ரவுண்ட்ரீ செயலாளராகவும் இருந்தார்கள். ஏழாமவர் டபிள்யூ. ஆர். ஹில் என்னும் வெள்ளைக்கார நில வணிகர். மேற்கில் ஊர்களைத் திட்டமிட்டு மனை விற்பது அக்காலத்தில் பெரிய தொழில். அருகிலுள்ள கவுண்டித் தலைநகரான ஹில் சிட்டி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கென்டக்கியின் கறுப்பினத் திருச்சபைகளில் ஹில்லும் மற்றவர்களும் பேசினார்கள். துண்டறிக்கைகள் சுற்றுக்கு விடப்பட்டன. கரிசலான வளமண், நல்ல நீர், ஊர் மனைக்குக் கட்டணம் 5 டாலர் என்று அவை சொல்லின. ஊருக்கு வைத்த பெயரும் ஈர்ப்பதாகவே இருந்தது. ஆப்பிரிக்க அரச குடும்பத்தில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, பின்னர் தன் விடுதலையைத் தானே விலை கொடுத்து வாங்கிய நிக்கோடெமஸ் என்பவரைப் பற்றிய கதை அப்போது வழங்கி வந்தது. விவிலியத்தில் இயேசுவை இரவில் தேடி வந்தவரின் பெயரும் அதுவே. ஊர்ப் பெயர் இவ்விரண்டில் எதிலிருந்து வந்தது என்பதில் இரு தரப்பு விளக்கங்களும் உண்டு.

1877 செப்டம்பரில் 300க்கும் மேற்பட்டோர் கொண்ட முதல் பெருங்கூட்டம் கென்டக்கியிலிருந்து வந்து சேர்ந்தது. எல்லிஸிலிருந்து ஏறக்குறைய 55 கிலோமீட்டர் நடந்து வந்தவர்கள் கண்டது மரமில்லாத புல்வெளி. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தவர்கள் ஹில்மீது கடுங்கோபம் கொண்டார்கள். ஏறத்தாழ அறுபது குடும்பங்கள் உடனே கிழக்கே திரும்பின. திரும்பிப் போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். குளிர்காலம் வாசலில் நின்றது, விதைக்கும் பருவம் கடந்திருந்தது, கையில் பணமில்லை. தங்கியவர்களில் பலருக்குத் திரும்பிப் போகவும் பணமில்லை என்பதே உண்மை. அப்படித் தங்கியவர்களில் ஒருவரான எம்மா வில்லியம்ஸ் நிறைமாதக் கர்ப்பிணியாக வந்தவர். அந்த இலையுதிர் காலத்திலேயே அவருக்குப் பிறந்த ஹென்றிதான் நிக்கோடெமஸ் மண்ணில் பிறந்த முதல் குழந்தை.

அந்த மண்குழி வீடுகளைச் சற்று அருகில் சென்று பார்ப்பது நல்லது. ஒரு மேட்டின் சரிவைத் தேர்ந்தெடுத்து உள்நோக்கி ஓர் அறை அளவுக்குக் குடைவார்கள். மூன்று பக்கமும் மண்ணே சுவர். முன்பக்கத்துக்கு, புல்வேர்கள் பின்னிக் கிடக்கும் மேல்மண்ணைப் பாளம் பாளமாகப் பெயர்த்துச் செங்கல் போல அடுக்குவார்கள்; அந்தப் புல்லின் வேர்கள் மண்ணை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஆற்றோரத்தில் வெட்டிய கிளைகளைக் கூரையாகப் பரப்பி, அதன்மேல் மீண்டும் புல்லும் மண்ணும். ஒரு கதவு, இருந்தால் ஒரு சிறு சன்னல், சுவரிலேயே குடைந்த அடுப்பு. கோடையில் குளிர்ச்சியும் குளிர்காலத்தில் கதகதப்பும் இருக்கும். மழை பெய்தால் கூரையிலிருந்து சேறு சொட்டும். விறகுக்கு மரம் கிடையாது. காய்ந்த சூரியகாந்தித் தண்டுகளையும் காட்டெருமைச் சாணத்தையும் எரித்தார்கள். ஏரும் குதிரையும் மிக அரிதாக இருந்ததால், ஒருவரும் உழுதிராத அந்தப் புல்தரையை மண்வெட்டியாலும் களைக்கொத்தாலும் கொத்திக் கொத்தியே முதல் விதைப்பைச் செய்தார்கள். பரம்பரை பரம்பரையாகப் பிறர் நிலத்தைப் பண்படுத்திப் பழகிய கைகள் அவை. வேலை தெரியாமல் அவர்கள் திணறவில்லை, கருவி இல்லாமல்தான் திணறினார்கள்.

முதல் குளிர்காலத்தில், வேட்டை முடித்துத் திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் தங்கள் இறைச்சியைப் பகிர்ந்து கொடுத்ததால் உயிர் பிழைத்தோம் என்று ஊரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். இந்தச் செய்தியை நான் ஒருபோதும் எளிதாகக் கடந்து போக முடிந்ததில்லை. ஓசேஜ் மக்கள் கேன்சஸிலிருந்த தங்கள் கடைசி நிலத்தையும் விட்டு ஓக்லஹோமாப் பகுதிக்குப் பெயர்க்கப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மாநிலத்துக்குப் பெயர் தந்த கான்சா மக்கள் 1873இல் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். 160 ஏக்கர் வீதம் அரசு அள்ளிக் கொடுத்த நிலம் அவர்களிடமிருந்து எடுத்த நிலம். நிலம் பறிக்கப்பட்டவர்கள், நிலமே இல்லாதிருந்தவர்களுக்கு உணவு கொடுத்தார்கள்.

குடியேறியவர்களுக்குச் சட்டம் கொடுத்த அளவிலேயே ஒரு சிக்கல் இருந்தது. ஒஹாயோவிலோ இல்லினாயிலோ 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குத் தாராளமாகப் போதும். நிக்கோடெமஸ் இருப்பதோ 100ஆவது மேற்குத் தீர்க்கரேகைக்கு மிக அருகில். அந்தக் கோட்டுக்கு மேற்கே மழையை நம்பிப் பயிர் செய்வது ஆபத்து என்றும், வறண்ட நிலத்துக்கு 160 ஏக்கர் அளவே பொருந்தாது என்றும், மேய்ச்சல் பண்ணைக்கு 2,560 ஏக்கராவது வேண்டும் என்றும் நிலவியலாளர் ஜான் வெஸ்லி பவல் அரசுக்கு அறிக்கை கொடுத்தது, வில்லியானா ஹிக்மன் வந்து இறங்கிய அதே 1878ஆம் ஆண்டில்தான். அந்த அறிக்கையை எவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஈரமான ஆண்டுகளில் கோதுமையும் மக்காச்சோளமும் சோளமும் செழித்தன. வறண்ட ஆண்டுகளில் ஆண்கள் ரயில் பாதை வேலைக்கு எல்லிஸுக்கும் அதற்கப்பாலும் நடந்து போய்க் கூலி கொண்டு வந்தார்கள், பெண்களும் பிள்ளைகளும் நிலத்தைக் காத்தார்கள். இந்த முறை வெள்ளைக்காரக் குடியேறிகளுக்கும் பொதுவானதே. வேறுபாடு என்னவென்றால், அவர்களில் பலர் கையில் ஏதோ ஒரு முதலோடு வந்தார்கள். இவர்கள் இரு கைகளோடு மட்டும் வந்தார்கள்.

அப்படியிருந்தும் எட்டு, ஒன்பது ஆண்டுகளில் அங்கே ஒரு முழுமையான ஊர் எழுந்துவிட்டது. முதலில் மண்குழிகளுக்குள்ளேயே பள்ளியும் வழிபாடும் நடந்தன. ஜாக் பிளெட்சரும் அவர் மனைவி ஜென்னியும் அஞ்சலகத்தையும் விடுதியையும் பள்ளியையும் தொடங்கியவர்களில் முதன்மையானவர்கள். எழுத்தறிவு கற்பது சட்ட விரோதம் அல்லது ஆபத்து என்றிருந்த சூழலில் வளர்ந்தவர்கள், கூரை நிலையாக அமையும் முன்பே பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்கள். 1880களின் நடுவில் சுண்ணாம்புக்கல் வீடுகள், பொருட்கடைகள், விடுதிகள், தேவாலயங்கள், ஒரு வங்கி, இரண்டு வார இதழ்கள் என்று ஊர் நிமிர்ந்து நின்றது. அந்த இதழ்களின் பெயர்கள் ‘வெஸ்டர்ன் சைக்ளோன்', ‘நிக்கோடெமஸ் என்டர்பிரைஸ்'. வெள்ளைக்கார வணிகர்கள் சிலரும் அங்கே கடை வைத்திருந்தார்கள்.

அரசியலிலும் அந்த ஊரின் கை நீண்டது. சிகாகோவில் எழுத்தராக வேலை பார்த்த எட்வர்ட் மெக்கேப் 1878இல் நிக்கோடெமஸுக்கு வந்து, நிலப் பதிவு விண்ணப்பங்கள் எழுதிக் கொடுப்பவராக வாழ்க்கையைத் தொடங்கினார். 1880இல் கிரஹாம் கவுண்டி முறையாக அமைக்கப்பட்டபோது அதன் எழுத்தராக நியமிக்கப்பட்டார்; 1882இல் கேன்சஸ் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, இரண்டாம் முறையும் வென்றார். தென்மாநிலங்களுக்கு வெளியே, ஒரு மாநிலம் முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர்களில் ஒருவர் அவர். அதே ஆண்டுகளில் தெற்கே கறுப்பினத்தவரின் வாக்குரிமை ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்டு வந்தது என்பதை நினைவில் வைத்தால், மண்குழிகளில் தொடங்கிய ஓர் ஊர் ஐந்தே ஆண்டுகளில் எட்டிய உயரம் விளங்கும். மெக்கேப் பின்னர் ஓக்லஹோமாவுக்குப் போய் 1890இல் லாங்ஸ்டன் என்னும் கறுப்பின நகரத்தை நிறுவினார்.

ஊரின் தலையெழுத்தை மாற்றியது ரயில். சமவெளியில் ஒரு நகரம் நகரமாக இருப்பதற்கு ரயிலடிதான் அடிப்படை. உழவன் தானியத்தை மாட்டு வண்டியிலோ குதிரை வண்டியிலோ ஏற்றி ஒரு நாளைக்குள் போய்த் திரும்பக்கூடிய தொலைவில் ரயிலடி இருக்க வேண்டும். கடைக்காரனுக்குச் சரக்கு அங்கேதான் வந்து இறங்கும். தபாலும் செய்தியும் புதிய குடியேறிகளும் அவ்வழியாகத்தான் வருவார்கள். எங்கே ரயிலடி வைக்கிறதோ அங்கே மனை விற்று இலாபம் பார்ப்பது ரயில் நிறுவனங்களின் வழக்கம் என்பதால், ஏற்கெனவே இருக்கும் ஊரைத் தொட்டுக்கொண்டு போவதில் அவற்றுக்குப் பெரிய அக்கறை இருந்ததில்லை. ஊர்கள்தாம் ரயிலை அழைக்கப் போட்டி போட்டுக் கடன் பத்திரம் வெளியிட்டன. நிக்கோடெமஸ் மக்களும் 1887இல் வாக்களித்து, மிசூரி பசிபிக் நிறுவனத்துக்கென 16,000 டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். பத்தாண்டுகளுக்கு முன் வெறுங்கையோடு வந்து இறங்கிய மக்கள், தங்கள் வரிப்பணத்தை ஈடாக வைத்து எடுத்த முடிவு அது. மிசூரி பசிபிக் வரவில்லை. 1888இல் யூனியன் பசிபிக் பாதை வந்தது. ஆனால் அது சாலமன் ஆற்றின் தென்கரையோடு, ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளிப் போயிற்று. பாதை போட்டவர்களின் முகாம் இருந்த இடத்தில் போக் என்னும் புதிய ஊர் முளைத்தது. நிக்கோடெமஸின் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக ஆற்றைக் கடந்தார்கள், இதழ்கள் நின்றன, வங்கி போயிற்று.

சமவெளி வரலாற்றில் ரயில் விட்டுச் சென்ற ஊர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. பெரும்பாலானவை ஒரு தலைமுறைக்குள் உழுத வயலாகிவிட்டன. இன்று அவற்றின் பெயர் பழைய வரைபடங்களில் மட்டும் கிடக்கிறது. நிக்கோடெமஸுக்கு அந்தக் கதி நேராததன் காரணத்தை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். ஆற்றைக் கடந்து போனது வணிகம். வணிகத்துக்காக வந்தவர்கள் வணிகத்தோடு போனார்கள். ஆனால் அந்த ஊரின் உடல் கடைத்தெருவில் இருக்கவில்லை. சுற்றிலுமிருந்த பண்ணைகளில் இருந்தது. பட்டா கையில் வாங்கிய குடும்பங்களுக்கு, அந்த நிலத்தை விட்டு வேறிடம் போய்க் குத்தகைக்கு உழுவது என்பது கென்டக்கிக்கே திரும்பிப் போவதைப் போன்றது. ஒரு வெள்ளைக்காரக் குடியேறி அயோவாவிலோ கொலராடோவிலோ வேறொரு நிலத்தை வாங்கி எளிதாகத் தொடர முடியும். கறுப்பினக் குடும்பத்துக்கு நிலம் விற்கவும் கடன் கொடுக்கவும் அக்கம்பக்கமாக வாழவும் தயாராக இருந்த இடங்கள் அரிது. வெளியே கதவுகள் மூடியிருந்ததும் உள்ளே உறவுகள் பின்னிக் கிடந்ததும் சேர்ந்து ஊரைப் பிடித்து வைத்தன. முதற்கூட்டத்தில் வந்த சில குடும்பங்களே தமக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்து, மூன்றாம் தலைமுறையில் ஊரே ஒரு பெரிய குடும்பமாகிவிட்டது. 1907இல் கட்டிய பாப்டிஸ்ட் தேவாலயமும் 1918இல் எழுந்த பள்ளிக் கட்டடமும் ரயில் ஏமாற்றிப் பல ஆண்டுகள் கழித்து எழுந்தவை என்பதே இதற்குச் சான்று.

1930களின் வறட்சியும் புழுதிப் புயல்களும் பொருளாதார மந்தமும் சேர்ந்து அடித்தபோதுதான் பெரும் வெளியேற்றம் நடந்தது. மண் காற்றில் பறந்தது. விளைந்த கொஞ்சத்துக்கும் விலையில்லை. டென்வர், டொபீகா, கேன்சஸ் சிட்டி, கலிஃபோர்னியா என்று இளையவர்கள் பிரிந்து போனார்கள். அந்த இருண்ட ஆண்டுகளிலேயே, வேலையில்லாதோருக்கு வேலை தரும் கூட்டாட்சித் திட்டத்தின்கீழ், உள்ளூரிலேயே வெட்டிய சுண்ணாம்புக்கல்லைக் கொண்டு ஊர் மன்றம் கட்டப்பட்டு 1939இல் முடிந்தது. 1953இல் அஞ்சலகம் மூடப்பட்டது. அதன் பிறகு நடந்தது நிக்கோடெமஸுக்கு மட்டும் உரிய கதையன்று. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் பெரிதாகப் பெரிதாக, முன்பு பத்துக் குடும்பங்கள் உழுத நிலத்தை ஒரு குடும்பமே உழ முடிந்தது. மற்ற ஒன்பது குடும்பங்களுக்கு அங்கே வேலையில்லை. குடும்பங்கள் குறையப் பள்ளி மூடும். பள்ளி மூடினால் எஞ்சிய இளங்குடும்பங்களும் பெயரும். கிரஹாம் கவுண்டி முழுவதிலும் 2020இல் இருந்தவர்கள் 2,415 பேர். பரப்பளவோ ஏறக்குறைய 2,300 சதுர கிலோமீட்டர்.

இந்தத் தேய்வுக்கு நடுவே ஒன்று தேயாமல் தொடர்ந்தது. குடியேறிய மறு ஆண்டான 1878 முதலே ஆகஸ்ட் 1ஆம் நாளை ஒட்டி விடுதலை விழா எடுப்பது ஊர் வழக்கம். அமெரிக்க அடிமை விடுதலைக்குரிய நாள்கள் வேறு இருக்க, ஆகஸ்ட் 1 ஏன் என்று கேட்கத் தோன்றும். 1834இல் அந்த நாளில்தான் பிரித்தானிய மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கக் கறுப்பினத்தவர் தங்கள் விடுதலைக்கு முன்பே அந்நாளை நம்பிக்கையின் நாளாகக் கொண்டாடி வந்தார்கள். (அதே சட்டம் கரும்புத் தோட்டங்களில் ஏற்படுத்திய ஆள் பற்றாக்குறையை நிரப்பத்தான் தமிழ்நாட்டிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் மொரிசியஸுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் கப்பலேற்றப்பட்டார்கள் என்பதும் நாம் நினைக்க வேண்டிய ஒன்று.) விடுதலை விழா காலப்போக்கில் ‘ஊர் திரும்பும் விழா'வாக மாறியது. ஜூலையின் கடைசி வார இறுதியில் ஊர்வலம், கூட்டு விருந்து, பழைய படங்களை வைத்துக்கொண்டு வம்சாவளி சொல்லும் முதியவர்கள், ஞாயிறு காலை தேவாலய வழிபாடு என்று அது நடக்கிறது. டென்வரில் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை, தான் ஒருநாளும் குடியிருந்திராத ஊரை "எங்கள் ஊர்" என்று சொல்லப் பழகுவது இந்த மூன்று நாள்களில்தான்.

விழாவுக்கு வருபவர்களே ஊரின் இரண்டாம் வாழ்வுக்கும் காரணமானார்கள். 1976இல் தேசிய வரலாற்று அடையாளச் சின்னமாக அது அறிவிக்கப்பட்டது. 1988இல் குடியேறிகளின் வழித்தோன்றல்கள் வரலாற்றுச் சங்கம் ஒன்றை அமைத்து, ஆவணங்களையும் நினைவுகளையும் திரட்டித் தொடர்ந்து வாதாடினார்கள். 1996 நவம்பரில் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே அது தேசிய வரலாற்றுத் தலமாயிற்று. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே, போருக்குப் பிந்திய மறுசீரமைப்புக் காலத்தில் கறுப்பினத்தவர் நிறுவிய ஊர்களில் எஞ்சியிருப்பது இது ஒன்றே என்பது அந்தத் தகுதிக்கான அடிப்படை. ஊர் மன்றம், இரண்டு தேவாலயங்கள், பள்ளி, பிளெட்சர் குடும்பம் விடுதி நடத்திய வீடு ஆகிய ஐந்து கட்டடங்கள் தலத்துக்குள் அடங்குகின்றன.

கட்டடங்களுக்குக் காவல் கிடைத்துவிட்டது. நிலத்துக்கு அப்படி ஒரு காவல் இல்லை என்பதுதான் கவலைக்குரியது. 1920இல் அமெரிக்காவில் 9,25,000க்கும் மேற்பட்ட கறுப்பின உழவர்கள் இருந்தார்கள். நாட்டின் உழவர்களில் ஏழில் ஒருவர் கறுப்பினத்தவர். இன்று அவர்கள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. பருத்திப் பொருளாதாரத்தின் வீழ்ச்சி, வடக்கு நோக்கிய பெயர்ச்சி, இயந்திரமயம் ஆகியவை ஒரு பக்கம். வேளாண் துறையின் கடன் அலுவலகங்கள் காட்டிய பாகுபாடு மறு பக்கம். விதைப்புக்கு வேண்டிய கடன் அறுவடைக் காலத்தில் கிடைத்தால் அது கடனன்று, நிலத்தை விழுங்கும் வழி. இந்தப் பாகுபாட்டை எதிர்த்து 1997இல் தொடுக்கப்பட்ட பிக்ஃபோர்ட் வழக்கு, 1999இல் பெரும் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது. ஆனால் கை மாறிய நிலம் அதனால் திரும்பவில்லை.

உயில் எழுதாமல் இறப்பது இன்னொரு கசிவு. தாத்தாவின் 160 ஏக்கர் பேரப்பிள்ளைகள் இருபது பேருக்குப் பிரிக்கப்படாத பங்காகி, அவர்களில் ஒருவர் தம் பங்கை விற்க, வாங்கியவர் நீதிமன்றம் சென்று முழு நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவரும் வழி அமெரிக்கச் சட்டத்தில் நெடுங்காலம் திறந்தே இருந்தது. கூட்டுச் சொத்துத் தகராறுகளைக் கண்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

எஞ்சிய நிலத்தை வைத்துக்கொண்டு முயல்பவர்கள் இல்லாமல் இல்லை. 1999இல் உருவான கேன்சஸ் கறுப்பின உழவர் சங்கத்தின் முயற்சியில், 2000களில் எத்தியோப்பியாவின் டெஃப் தானியத்தை நிக்கோடெமஸ் பகுதியில் விளைவித்துப் பார்த்தார்கள். கேழ்வரகைவிடவும் பொடியான, வறட்சியைத் தாங்கும் தானியம் அது. ஆப்பிரிக்காவின் பயிர் அந்த மண்ணுக்கு வந்து சேர்வதில் அவர்கள் பெருமை கொண்டதில் வியப்பில்லை. அந்த ஊரில் 1932இல் பிறந்து, கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடி, 1954இல் நாட்டளவிலான வீரர் தேர்வில் நான்காவது ஆளாக கிரீன் பே பேக்கர்ஸ் அணியால் எடுக்கப்பட்ட வெரில் ஸ்விட்சர், பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தில் உயர்பதவி வகித்தபோதும் ஊரிலுள்ள குடும்ப நிலத்தைக் கைவிடவில்லை. கோதுமை விதைத்துக்கொண்டே இருந்தார். 2022இல் அவர் காலமானார்.

அப்பகுதியில் குளிர்காலக் கோதுமை ஜூன் இறுதியிலும் ஜூலைத் தொடக்கத்திலும் அறுவடையாகிவிடும். ஆகவே விழாவுக்கு வருபவர்கள் காண்பது அறுத்த வயலின் மஞ்சள் தாள்களை. ஞாயிறு வழிபாடு முடிந்து, உணவுப் பாத்திரங்களைக் கழுவி அடுக்கிவிட்டு, பிற்பகலில் கார்கள் 24ஆம் எண் சாலையில் ஏறிக் கிழக்கேயும் மேற்கேயும் பிரிகின்றன. அடுத்த விதைப்பு செப்டம்பரில் தொடங்கும். முதற்கூட்டம் எல்லிஸிலிருந்து நடந்து வந்து சேர்ந்ததும் ஒரு செப்டம்பரில்தான். அவர்களிடம் அப்போது ஏர் இல்லை.